டர்போசார்ஜர் டர்பைனின் பிளேடு வடிவம்: கணக்கிலிருந்து சக்கரம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டர்போசார்ஜரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரைப் பற்றியே கேட்கிறார்கள். எவ்வளவு பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) வரும், எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பவையே கேள்விகளாக இருக்கின்றன. அந்தக் கம்ப்ரசரைச் சுழற்றத் தேவையான ஆற்றல் முழுவதையும் தண்டின் மறுமுனையில், செந்தணலாகக் காய்ந்த வாயுவுக்குள் நின்றபடி, டர்பைன் சக்கரம்தான் ஈட்டித் தருகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-இல் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அன்று தொடங்கி இன்றுவரை அந்தச் சக்கரத்தின் பிளேடு வடிவத்தைத் தீர்மானிப்பதுதான் இத்துறையின் கடினமான வேலையாக இருந்து வருகிறது.

சேலம், ஒசூர், கோவைப் பக்கங்களில் டிப்ளமோவோ பொறியியலோ முடித்துவிட்டு, பெங்களூருவில் பீன்யா, பொம்மசந்திராப் பட்டறைகளிலும் ஒயிட்ஃபீல்டு வடிவமைப்பு அலுவலகங்களிலும் வேலைக்குச் சேரும் தமிழ் இளைஞர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மென்பொருளில் பிளேடு வரையக் கற்றுக்கொள்வது எளிது. வரைந்த கோணம் ஏன் அந்தக் கோணமாக இருக்கிறது என்பதைச் சொல்லித் தருபவர்கள்தான் குறைவு. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் கருத்து ஒன்றே: ஒரு பிளேடை அதன் உச்சச் செயல்திறன் எண்ணைப் பார்த்து மதிப்பிடக் கூடாது, எஞ்சினிலிருந்து ஆற்றல் மிகுதியாக வந்து சேரும் கணங்களில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

விளக்கம் முழுவதற்கும் ஒரே சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். வாயு நுழையும் விளிம்பின் விட்டம் 45 மி.மீ., வெளியேறும் விளிம்பின் விட்டம் 40 மி.மீ., வெளியேறும் இடத்தில் பிளேடுகளைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பின் விட்டம் 14 மி.மீ., பிளேடுகள் 11. கார்களில் பரவலாகக் காணப்படும் ஆர வகை டர்பைன் இது. வாயு வெளிச் சுற்றிலிருந்து மையத்தை நோக்கி நுழைந்து, உள்ளே திரும்பி, அச்சின் திசையில் வெளியேறும். கப்பல்களின் பெரிய எஞ்சின்களில் அச்சு வகை டர்பைன்களும் உண்டு; அவை இந்த வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

முதல் படி: எஞ்சின் தரும் வாயுவை அறிந்துகொள்ளுதல்

பிளேடைத் தொடுவதற்கு முன் மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும்: வினாடிக்கு எத்தனை கிலோ வாயு வருகிறது, அதன் வெப்பநிலை என்ன, டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதம் என்ன. 2 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்று நல்ல சுமையில் ஓடும்போது வினாடிக்கு 0.1 கிலோ வாயு, 900 கெல்வின், அழுத்த விகிதம் 2 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்ப ஏற்புத்திறனை ஒரு கிலோவுக்கு, ஒரு கெல்வினுக்கு 1,150 ஜூல் என்றும், வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதத்தை 1.33 என்றும் கொண்டால், இழப்பே இல்லாமல் விரிவடையும் ஒவ்வொரு கிலோ வாயுவிலிருந்தும் சுமார் 163 கிலோஜூல் கிடைக்கும். வினாடிக்கு 0.1 கிலோ என்றால் 16 கிலோவாட். டர்பைனின் செயல்திறன் 70 சதவீதமாக இருந்தால் தண்டுக்குப் போய்ச் சேருவது சுமார் 11 கிலோவாட். உள்ளங்கைக்குள் அடங்கும் சக்கரம் ஒன்றிடமிருந்து இவ்வளவையும் நாம் எதிர்பார்க்கிறோம்.

இந்த எண்கள் யாவும் சராசரிகள் என்பதை மறக்கக் கூடாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 50 முறை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது. அதாவது 20 மில்லி வினாடிக்கு ஒரு துடிப்பு டர்பைனை வந்து அடைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. அதன் உச்சியில் வாயுவின் அளவும் கூடுதல், ஒரு கிலோ வாயுவில் உள்ள ஆற்றலும் கூடுதல். இரண்டும் ஒரே கணத்தில் பெருகுவதால், எஞ்சின் தரும் ஆற்றலின் பெரும்பங்கு அந்தச் சிறு இடைவெளிகளுக்குள்ளேயே வந்து முடிந்துவிடுகிறது.

இரண்டாம் படி: வேக விகிதத்தைக் கணக்கிடுதல்

மேலே சொன்ன 163 கிலோஜூலும் இயக்க ஆற்றலாக மாறினால் வாயு அடையும் வேகம் வினாடிக்குச் சுமார் 572 மீட்டர். இதைப் பீச்சு வேகம் என்று அழைப்போம். சக்கரத்தின் நுழைவு விளிம்பு சுழலும் வேகத்தைப் பீச்சு வேகத்தால் வகுத்தால் வருவதே வேக விகிதம். டர்பைனின் குணம் முழுவதையும் ஓர் எண்ணில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

நுழைவில் பிளேடு ஆரத்தின் திசையிலேயே நேராக நின்று, வாயுவும் சக்கரத்தின் அதே சுற்று வேகத்தில் வந்து சேர்ந்து, வெளியேறும்போது சுழற்சி இல்லாமல் போனால், ஆய்லரின் சமன்பாட்டின்படி ஒரு கிலோ வாயு தரும் வேலை விளிம்பு வேகத்தின் வர்க்கம். கிடைக்கக்கூடிய ஆற்றலோ பீச்சு வேகத்தின் வர்க்கத்தில் பாதி. இரண்டையும் சமமாக வைத்தால் விகிதம் 0.707 என்று வரும். ஆர வகை டர்பைன்களின் உச்சச் செயல்திறன் 0.7 என்ற வேக விகிதத்தை ஒட்டியே அமைவதற்கு இதுதான் காரணம். நமது சக்கரத்துக்கு 0.7 என்றால் விளிம்பு வேகம் வினாடிக்கு 400 மீட்டர். சுழற்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,70,000 சுற்று.

இந்த உச்சிப் புள்ளியில் எஞ்சின் எவ்வளவு நேரம் நிற்கிறது? பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பில் நின்று நின்று வெளிவட்டச் சாலைக்குள் ஏறும் ஒரு காரை எண்ணிப் பாருங்கள். சிக்னல் விழுந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் டர்போ நிமிடத்துக்கு 60,000 சுற்றில் இருந்தால், விளிம்பு வேகம் வினாடிக்கு 141 மீட்டர்தான். அப்போது வாயு 800 கெல்வினும் 1.3 அழுத்த விகிதமுமாக வந்தால் பீச்சு வேகம் 340 மீட்டர். வேக விகிதம் 0.41. துடிப்பின் உச்சியில் அழுத்த விகிதம் 2-ஐயும் வெப்பநிலை 900 கெல்வினையும் தொட்டால் அதே விகிதம் 0.25-க்குச் சரிந்துவிடும், ஏனெனில் 20 மில்லி வினாடிக்குள் சக்கரத்தின் வேகம் கூடிவிடாது. உச்சச் செயல்திறனை 0.7-இல் வைத்து எளிய பரவளையமாகக் கணக்கிட்டால், 0.41-இல் உச்சத்தின் 83 சதவீதம் கிடைக்கும், 0.25-இல் 59 சதவீதம்தான் கிடைக்கும். ஆற்றல் மிகுதியாக வரும் கணத்திலேயே சக்கரம் அதை மிகக் குறைவாகப் பிடிக்கிறது. இனி வரும் படிகள் பெரும்பாலும் இந்த முரண்பாட்டோடு நடத்தும் போராட்டமே.

மூன்றாம் படி: நுழைவு விளிம்பின் கோணத்தைத் தீர்மானித்தல்

சக்கரத்தின் மேல் அமர்ந்தபடி வாயுவைப் பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். வாயுவின் சுற்று வேகமும் விளிம்பின் வேகமும் சமமாக இருந்தால், அது உங்களை நோக்கி நேராக ஆரத் திசையில் வருவதாகத் தோன்றும். வாயு விரைவாக வந்தால், சக்கரம் சுழலும் திசையிலேயே பின்னாலிருந்து மோதுவதாகத் தோன்றும். மெதுவாக வந்தால் எதிரிலிருந்து வருவதாகத் தோன்றும். இந்தத் தோற்றத் திசைக்கும் பிளேடின் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டை மோதல் கோணம் என்போம். பின்னாலிருந்து மோதுவது நேர்க்கோணம், எதிரிலிருந்து வருவது எதிர்க்கோணம்.

ஆரத் திசையில் நேராக நிற்கும் பிளேடுக்கு மோதல் கோணம் சுழி என்பதே சிறந்தது என்று பாடத்தை மேலோட்டமாகப் படித்தவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது எதிர்த்திசையில் 20 முதல் 40 டிகிரி வரை இருக்கும்போதுதான் இழப்பு குறைவு. சுழலும் இரு பிளேடுகளுக்கு இடையே உள்ளே இழுபடும் வாயுவில், சக்கரத்தின் சுழற்சிக்கு எதிரான ஓர் உட்சுழற்சி கோரியாலிஸ் விளைவால் உருவாகிறது. அது வாயுவை நுழைவிலேயே ஒரு பக்கமாகத் தள்ளுவதால், கொஞ்சம் எதிர்க்கோணத்தில் வந்த வாயுதான் உள்ளே போனதும் பிளேடோடு ஒட்டி ஓடுகிறது. கோணம் நேர்ப்பக்கம் போகும்போது, பிளேடின் உறிஞ்சு பக்கத்தில், அதாவது அழுத்தம் குறைந்த பக்கத்தில், வாயு ஒட்டாமல் பிரிந்து சுழல்களாக உடைகிறது. வேக விகிதம் 0.41, 0.25 என்று சரியும்போது நடப்பது இதுதான்.

அப்படியானால் வாயு வரும் பக்கத்தை நோக்கி நுழைவு விளிம்பை வளைத்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். ஆர வகைச் சக்கரத்தில் உலோகத்தின் வலிமை அதற்கு இடம் தருவதில்லை. நமது சக்கரத்தின் விளிம்பில் வினாடிக்கு 400 மீட்டர் வேகம், 22.5 மி.மீ. ஆரம் என்று கணக்கிட்டால், மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 7 லட்சம் மடங்குக்கு மேல் வருகிறது. விளிம்பில் உள்ள ஒரு கிராம் உலோகம் 700 கிலோவுக்கு மேற்பட்ட எடையாக வெளிப்புறம் இழுக்கிறது. பிளேடின் ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் உலோகம் மையத்திலிருந்து நேர் ஆரக் கோடுகளாக அடுக்கப்பட்டிருந்தால், இந்த இழுவை பிளேடை நீட்ட மட்டுமே செய்யும். கோடுகள் சாய்ந்தால் அதே இழுவை பிளேடை வளைக்கவும் முயலும். செந்தணலில் காய்ந்த உலோகம் அந்த வளைவைத் தாங்காது.

இதற்கு விடையாக வந்ததுதான் கலப்புப் பாய்வு டர்பைன். நுழைவு விளிம்பை அச்சுக்கு இணையாக வைக்காமல் கூம்பு போலச் சரித்து வைப்பார்கள். அப்போது ஆரக் கோட்டு விதியை மீறாமலேயே நுழைவில் ஒரு கோணத்தைப் பெற முடிகிறது. நுழைவுக் கோணத்தின் டேன் மதிப்பு, பிளேடின் வளைவுக் கோணத்தின் டேன் மதிப்பைக் கூம்புக் கோணத்தின் கோசைன் மதிப்பால் பெருக்கினால் கிடைக்கும். வாயு நுழையும் திசைக்கும் அச்சுக்கும் இடையே உள்ளதே கூம்புக் கோணம்; அது 90 டிகிரியாக இருப்பது சாதாரண ஆரச் சக்கரம். 90 டிகிரியின் கோசைன் சுழி என்பதால் அங்கே நுழைவுக் கோணமும் சுழி. கூம்புக் கோணத்தை 50 டிகிரியாகவும் வளைவுக் கோணத்தை 40 டிகிரியாகவும் வைத்தால் நுழைவில் 28 டிகிரி கிடைக்கிறது. உச்சச் செயல்திறன் அமையும் வேக விகிதம் 0.7-இலிருந்து 0.6, 0.65 பக்கம் இறங்கிவிடும். உச்ச எண் ஒரு புள்ளி குறைந்தாலும், துடிப்பின் உச்சியில் வரும் ஆற்றலைப் பிடிப்பதில் இந்தச் சக்கரம் முந்துகிறது. நகரப் போக்குவரத்தில் ஓடும் சிறு எஞ்சினுக்கு எதைத் தேர்வீர்கள் என்று கேட்டால் நான் தயங்காமல் இதையே சொல்வேன். நிலையான வேகத்தில் நாள் முழுதும் ஓடும் ஜெனரேட்டர் எஞ்சினுக்கு என் விடை வேறு.

நான்காம் படி: வெளியேறும் விளிம்பை அமைத்தல்

நுழைவு விளிம்பு எவ்வளவு ஆற்றலைப் பிடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது என்றால், பிடித்ததில் எவ்வளவு கைநழுவும் என்பதையும், சக்கரம் எவ்வளவு வாயுவை விழுங்கும் என்பதையும் எக்ஸ்டியூசர் எனப்படும் வெளியேறும் பகுதி தீர்மானிக்கிறது. என் கருத்தில் பிளேடின் மிக நுட்பமான பகுதி இதுவே.

முதலில் கோணம். ஆரக் கோட்டு விதியின்படி, வெளியேறும் கோணத்தின் டேன் மதிப்பு ஆரத்துக்கு நேர்விகிதத்தில் மாற வேண்டும். வெளி நுனியில், அதாவது 20 மி.மீ. ஆரத்தில், அச்சிலிருந்து 60 டிகிரி என்று வைத்தால், 7 மி.மீ. ஆரமுள்ள ஹப்பில் அது 31 டிகிரியாகத்தான் இருக்க முடியும். பரப்பைச் சமமாகப் பிரிக்கும் 15 மி.மீ. ஆரத்தில் 52 டிகிரி வரும். இந்த முறுக்கு அழகுக்காக வந்ததன்று என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். நுழைவு விளிம்பு 400 மீட்டரில் ஓடும்போது, 15 மி.மீ. ஆரத்தில் பிளேடின் வேகம் 267 மீட்டர். வாயு சுழற்சியின்றி நேராக வெளியேற வேண்டுமானால், பிளேடின் மேலிருந்து பார்க்கும்போது அது அதே 267 மீட்டரில் பின்னோக்கி வீசப்பட வேண்டும். 52 டிகிரிக் கோணத்தில் அதற்குத் தேவையான அச்சுத் திசை வேகம் 205 மீட்டர்.

இந்த 205 மீட்டர் வேகத்தோடு போகும் வாயு, கிலோவுக்கு 21 கிலோஜூலைச் சுமந்துகொண்டு சைலன்சர் பக்கம் போய்விடுகிறது. மொத்த 163-இல் இது ஏறத்தாழ 13 சதவீதம். பிளேடின் மேற்பரப்பைப் பளபளவென்று தேய்த்து அரைச் சதவீதம் மீட்கப் பார்ப்பவர்கள், இந்த 13 சதவீதத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளியேறும் பரப்பைப் பெரிதாக்கினால் இந்த இழப்பு குறையும். டர்பைனுக்குப் பின்னால் உள்ள குழாய் மெல்ல மெல்ல விரிந்தால் ஒரு பகுதியை அழுத்தமாக மீட்கலாம். எக்ஸாஸ்ட் குழாயை டர்பைனின் வாயிலேயே சட்டென்று மடக்கினால் எந்தப் பகுதியும் மீளாது.

இரண்டாவது, விழுங்கும் அளவு. அடுத்தடுத்த இரு பிளேடுகளுக்கு நடுவே வாயு கடந்தாக வேண்டிய மிகக் குறுகிய வாயைப் பட்டறையில் த்ரோட் என்றே சொல்வார்கள். வளையப் பரப்பை வெளியேறும் கோணத்தின் கோசைன் மதிப்பால் பெருக்கினால் இதன் மொத்தப் பரப்பு தோராயமாகக் கிடைக்கும். நமது சக்கரத்தில் வளையப் பரப்பு 1,103 சதுர மி.மீ.; 52 டிகிரிக்கு த்ரோட் சுமார் 670 சதுர மி.மீ. கோணத்தை 5 டிகிரி குறைத்தால் அது சுமார் 750-ஆக, அதாவது 11 சதவீதம் கூடிவிடும். வார்ப்பில் ஓரிரு டிகிரி பிசகினாலும், ஒரே மாதிரி எஞ்சின்கள் இரண்டும் வெவ்வேறு பூஸ்ட் காட்டும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

மூன்றாவது, ட்ரிம். சிறிய விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 100-ஆல் பெருக்கினால் வரும் எண் இது. நமது சக்கரத்துக்கு 79. எண் கூடினால் சக்கரம் அதிக வாயுவை விழுங்கும். அதே சமயம் நுழைவு ஆரத்துக்கும் வெளியேறும் ஆரத்துக்கும் உள்ள இடைவெளி குறைவதால், வாயு ஆரத் திசையிலிருந்து அச்சுத் திசைக்கு மிகக் கூர்மையாகத் திரும்ப வேண்டியிருக்கும். ஷ்ரவுட் எனப்படும் வெளிச்சுவரை ஒட்டி அது பிரிய ஆரம்பிக்கும். கேட்டலாக்கில் ட்ரிம் எண்ணை மட்டும் பார்த்துச் சக்கரம் தேர்பவர்கள், அந்த எண் பிளேடின் கோணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரே ட்ரிம் உள்ள இரு சக்கரங்களின் த்ரோட் வெவ்வேறாக இருப்பது சாதாரணமான செய்தி.

ஐந்தாம் படி: பிளேடுகளின் எண்ணிக்கையும் தடிமனும் எடையும்

கார் டர்பைன்களில் பெரும்பாலும் 9 முதல் 12 பிளேடுகள் இருக்கும். எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொரு பிளேடும் சுமக்கும் பளு கூடி, வாயு எளிதில் பிரியும். கூடினால் உராயும் பரப்பும் எடையும் கூடும். எல்லை போடுவது பெரும்பாலும் எக்ஸ்டியூசரின் ஹப்தான். 14 மி.மீ. விட்டத்தில் சுற்றளவு 44 மி.மீ.; 11 பிளேடுகள் என்றால் ஒன்றுக்கு 4 மி.மீ. இடம். அடியில் 1.2 மி.மீ. தடிமனுள்ள பிளேடு 31 டிகிரி சாய்ந்து நிற்கும்போது சுற்றுத் திசையில் 1.4 மி.மீ. இடத்தை அடைத்துக்கொள்ளும். வாயுவின் வழியில் 35 சதவீதம் உலோகம். 9 பிளேடுகளாகக் குறைத்தால் அது 29 சதவீதமாக இறங்கும். பின் விளிம்பை மெல்லியதாக்க எல்லோருக்கும் ஆசைதான். உருகிய உலோகம் வார்ப்பு அச்சின் கடைசி மூலைவரை ஓடி நிரம்ப வேண்டும் என்ற வார்ப்பு வரம்பு அதற்குக் குறுக்கே நிற்கிறது.

எடையைப் பற்றிச் சொல்லும்போது ஐந்தாம் அடுக்கு விதியை மறக்கக் கூடாது. ஒரே வடிவமுள்ள சக்கரங்களின் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக ஏறும். 45 மி.மீ. சக்கரத்தை 48 மி.மீ. ஆக்கினால் நிலைமம் 38 சதவீதம் கூடிவிடும். ஜே.சி. ரோட்டில் உதிரிபாகம் வாங்க வருபவர்கள் பெரிய சக்கரம் போட்டால் வண்டி இன்னும் பாயுமா என்று கேட்பதுண்டு. மேல்வேகத்தில் பாயலாம்; சிக்னலில் மிதித்ததும் பாயாது என்பதே நேர்மையான பதில்.

நிலைமத்தைக் குறைக்கப் பின்தட்டின் விளிம்பைப் பிளேடுகளுக்கு இடையே பிறை பிறையாக வெட்டி எடுப்பது ஒரு வழி. அந்த வெட்டுகள் வழியே வாயு கசிவதால் செயல்திறனில் சில புள்ளிகள் போகும். ஆனால் பின்தட்டின் தகைவும் சேர்ந்தே குறைவதால் பலரும் இதை ஏற்கிறார்கள். உலோகத்தையே மாற்றுவது மற்றொரு வழி. வழக்கமான இன்கோனெல் 713 சி கலப்புலோகத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறக்குறைய 8 மடங்கு. டைட்டானியம் அலுமினைடு அதில் பாதி. நிலைமம் பாதியாகும் என்பது பெரிய ஆதாயம்தான் என்றாலும், அந்த உலோகம் நொறுங்கும் தன்மையுள்ளது என்பதால் பிளேடுகளைச் சற்றுத் தடிமனாகவே வரைய வேண்டியிருக்கும். அப்போது ஹப்பில் சொன்ன அடைப்புக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

ஆறாம் படி: ஹவுசிங்கைப் பிளேடோடு பொருத்துதல்

நத்தை ஓடு போன்ற ஹவுசிங்கின் குறுக்குப் பரப்பை, அதன் நடுப்புள்ளி சக்கர மையத்திலிருந்து இருக்கும் தூரத்தால் வகுத்தால் ஏ/ஆர் கிடைக்கிறது. ஹவுசிங்குக்குள் வாயுவின் கோண உந்தம் மாறாமல் இருப்பதால், ஏ/ஆர் குறையக் குறையச் சக்கரத்தை அடையும் வாயுவின் சுற்று வேகம் கூடும். அதே அளவு வாயுவும் அதே அடர்த்தியும் இருக்க, ஏ/ஆர் 20 சதவீதம் குறைந்தால் சுற்று வேகம் 25 சதவீதம் கூடும். இது மூன்றாம் படியில் பார்த்த மோதல் கோணத்தை நேரடியாகவே மாற்றிவிடும். எனவே ஏ/ஆர் தேர்வையும் நுழைவுக் கோணத் தேர்வையும் ஒரே முடிவாகவே கருத வேண்டும். சிறிய ஏ/ஆர் ஹவுசிங்கைப் போட்டும் டர்போ எதிர்பார்த்தபடி விரைவாக எழாத வண்டிகளில், சக்கரம் நேர்க்கோண மோதலில் தத்தளிக்கிறதா என்று பாருங்கள்.

துடிப்புகளைக் காப்பாற்றுவதும் ஹவுசிங்கின் வேலை. 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், 1-ஐயும் 4-ஐயும் ஒரு வழியிலும் 2-ஐயும் 3-ஐயும் மறு வழியிலும் விடும் இரட்டை ஸ்க்ரோல் ஹவுசிங், ஒரு சிலிண்டரின் துடிப்பு அடுத்ததைக் கலைக்காமல் தடுக்கிறது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் எக்ஸாஸ்ட் துடிப்புகள் 240 டிகிரி இடைவெளியில் வருவதால் ஒன்றையொன்று பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. அங்கே ஒற்றை வழியே போதும். வேக விகிதத்தின் ஊசலாட்டமும் அங்கே மிகுதி என்பதால், கலப்புப் பாய்வுச் சக்கரத்துக்கு அது பொருத்தமான இடம்.

சக்கரத்தைச் சுற்றிலும் திரும்பும் வேன்களை, அதாவது வாயுவை வழிநடத்தும் சிறு தகடுகளை, வைத்து ஏ/ஆரையே ஓட்டத்தில் மாற்றும் டர்போக்கள் டீசல் எஞ்சின்களில் பரவலாக உள்ளன. எக்ஸாஸ்ட் வெப்பநிலை கூடுதலாக உள்ள பெட்ரோல் எஞ்சின்களுக்கு இது வரத் தாமதமானது. 2006-இல் வந்த போர்ஷே 911 டர்போ இதில் குறிப்பிடத்தக்க முன்னோடி. வேன்கள் கிட்டத்தட்ட மூடிய நிலையில் வாயு மிகுந்த சுற்று வேகத்தோடு பாய்வதால், அந்த நிலைக்கும் முழுவதும் திறந்த நிலைக்கும் இடையே பிளேடின் கோணம் ஒரு சமரசமாகவே இருக்க முடியும்.

ஏழாம் படி: நுனி இடைவெளி

பிளேடின் நுனிக்கும் ஷ்ரவுடுக்கும் இடையே 0.4 மி.மீ. என்றால் மிகச் சிறிதாகத் தோன்றும். எக்ஸ்டியூசரில் அதன் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ.; த்ரோட்டின் 670-ஓடு ஒப்பிடுங்கள். வெளியேறும் பக்கத்து ஆர இடைவெளிதான் நுழைவுப் பக்கத்து அச்சு இடைவெளியைவிடச் செயல்திறனை அதிகம் பாதிக்கிறது. தாங்கியில் தண்டு ஆடும் அளவையும் உலோகம் சூட்டில் விரியும் அளவையும் கூட்டிய பிறகே இதைக் குறைக்க முடியும்.

எட்டாம் படி: அதிர்வைச் சரிபார்த்தல்

செயல்திறன் கணக்கில் வென்ற பிளேடு அதிர்வில் தோற்று உடைவதுண்டு. நிமிடத்துக்கு 1,70,000 சுற்று என்பது வினாடிக்கு 2,833 சுற்று. 15 வேன்கள் இருந்தால் ஒவ்வொரு பிளேடும் வினாடிக்கு 42,500 முறை தட்டப்படுகிறது. இந்த எண்ணிக்கை பிளேடின் இயல்பு அதிர்வெண்களில் ஒன்றோடு பொருந்தும் சுழல்வேகம் எது என்பதைக் கேம்பெல் வரைபடம் காட்டும். அந்த வேகத்தில் டர்போ நெடுநேரம் நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்டியூசரின் முதல் வளைவு அதிர்வெண்ணைச் சுழல்வேகத்தின் 4 மடங்குக்கு மேல் வைப்பது பரவலான நடைமுறை. பிளேடை மெல்லியதாக்கினால் த்ரோட் கூடும், ஹப் அடைப்பு குறையும், அதே மூச்சில் இந்த அதிர்வெண்ணும் இறங்கும். ஐந்தாம் படிக்குத் திரும்பத் திரும்பப் போக வைப்பது இந்தப் படிதான்.

ஒன்பதாம் படி: ஓடும் ஊரின் உயரத்தைச் சேர்த்துக் கணக்கிடுதல்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றழுத்தம் சுமார் 91 கிலோபாஸ்கல். சென்னையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. எஞ்சினுக்குள் 200 கிலோபாஸ்கல் அழுத்தம் வேண்டும் என்றால், சென்னையில் கம்ப்ரசரின் அழுத்த விகிதம் 1.97 போதும், இங்கே 2.2 வேண்டும். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை ஒன்றே என்று கொண்டால், ஒரு கிலோ காற்றுக்குத் தேவைப்படும் வேலை 18 சதவீதம் கூடுகிறது. வேலை சுழல்வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், டர்போ 8 முதல் 9 சதவீதம் விரைவாகச் சுழல வேண்டும். மையவிலக்குத் தகைவும் வேகத்தின் வர்க்கமே என்பதால், டர்பைன் பிளேடின் அடியில் இழுவை அதே 18 சதவீதம் ஏறுகிறது. சென்னையில் எல்லைக்குள் ஓடிய சக்கரம், கிருஷ்ணகிரி தாண்டி மேட்டில் ஏறிவரும் பாரவண்டியில் எல்லையைத் தொடக்கூடும்.

டர்பைனுக்கு ஒரு சாதகமும் உண்டு. வெளியே அழுத்தம் குறைவதால் அதன் விரிவு விகிதம் தானாகவே கூடி, கூடுதல் வேலையில் ஒரு பங்கை அதுவே ஈடுசெய்கிறது. ஆனாலும் தகைவையும் அதிர்வையும் சரிபார்க்கும்போது, சமதளச் சுழல்வேகத்தோடு நிறுத்தாமல், வண்டி ஏறக்கூடிய உச்ச உயரத்தின் சுழல்வேகத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் படி: கையில் உள்ள சக்கரத்தைப் படித்தல்

ஓடிய சக்கரம் ஒன்று மேசைக்கு வரும்போது, முதலில் நுழைவு விளிம்பைப் பாருங்கள். அங்கே சிறு பள்ளங்களும் வளைவுகளும் இருந்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து ஏதோ துகள் வந்து அடித்திருக்கிறது; மேனிஃபோல்டையும் வால்வுகளையும் பார்க்காமல் புதிய சக்கரம் போடுவதில் பயனில்லை. எக்ஸ்டியூசர் நுனிகள் ஒரே பக்கமாக உரசியிருந்தால் தாங்கியின் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு பிளேடு மட்டும் மேல்பாதியில் சுத்தமாக முறிந்து, முறிவுப் பரப்பில் கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற கோடுகளைப் போன்ற வளைகோடுகள் தெரிந்தால், அது அதிர்வினால் வந்த களைப்பு முறிவு. எட்டாம் படிக்குப் போக வேண்டும்.

பிறகு அளவு. வெர்னியரால் இரு விட்டங்களையும் ஹப்பையும் எடுங்கள். த்ரோட்டை ஒவ்வொரு இடைவெளியிலும் தனித்தனியாக, குறைந்தது ஹப், நடு, நுனி ஆகிய மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். வார்ப்பின் தரம் இடைவெளிக்கு இடைவெளி உள்ள வேறுபாட்டில்தான் தெரியும்.

எக்ஸ்டியூசரின் பின் விளிம்பை 10 டிகிரி அளவுக்குச் சீவிவிட்டு, டர்போ இன்னும் சுதந்திரமாக மூச்சு விடுகிறது என்று சொல்லும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சீவும்போது விளிம்பு பின்வாங்கி, பிளேடு இன்னும் முழுதாகத் திரும்பாத இடத்தில் முடிந்துவிடுகிறது. த்ரோட் கூடுவதும் மேல்வேகத்தில் பின்னழுத்தம் குறைவதும் உண்மைதான். ஆனால் வாயு சுழற்சியோடு வெளியேறி, நான்காம் படியில் கணக்கிட்ட இழப்போடு புதிய இழப்பையும் சேர்க்கிறது. கீழ்வேகத்தில் டர்போ எழும் நேரமும் நீள்கிறது. கூடுதல் வாயு போக வேண்டும் என்றால் பெரிய ஏ/ஆர் ஹவுசிங்கையோ, அதற்கென்றே வரையப்பட்ட சக்கரத்தையோ போடுவதே முறை.

டர்பைன் சக்கரம் தண்டோடு பற்றவைக்கப்பட்டே வருவதால், சக்கரத்தை மாற்றுவது என்றால் தண்டையும் சேர்த்து மாற்றுவதாகும். புதிய தண்டைத் தனியாகச் சமன் செய்த பின், கம்ப்ரசர் சக்கரத்தோடும் தாங்கிகளோடும் கோத்து, முழுத் தொகுப்பாக மறுபடி ஒருமுறை உயர் வேகத்தில் சமன் பார்த்து, அந்த அளவை வேலைத்தாளில் எழுதி வைத்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.